கவனம், கரண்ட்!

அத்தியாயம் ஒன்பது

"பாஸ், எனக்கு ஒரு சந்தேகம். நாம துப்பறியறவங்களா, கம்ப்யூட்டர் ரிப்பேர்காரங்களா?"

டீட்டி கிநேயா இதைக் கேட்டபோது அவனுடைய தலை வாடிக்கையாளர் வீட்டு மேஜைக்கு அடியிலும் மீதி உடம்பு வெளியிலும் இருந்தது. கம்ப்யூட்டர் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். வாயால் அந்த வேலையைக் கெடுத்துக்கொண்டவன். அந்த வாயை இப்போது டோம்னிகா அர்கீர் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார். டோம்னிகா முப்பது வருடம் கலாட்ஸ் நகர டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊர்ப் பேச்சையெல்லாம் காதில் வாங்கி, ஒன்றையும் வெளியே விடாமல் ஓய்வு பெற்றவர். தனியார் துப்பறிவாளருக்கு உரிமம் தரும் சட்டம் போன வருடம், 2003-ல் வந்ததும் முதல் வரிசையில் நின்று அதை வாங்கிக்கொண்டார்.

"துப்பறியறவங்கதான். வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

அவர் கம்ப்யூட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு மேலே கூண்டில் உட்கார்ந்திருந்த மஞ்சள் கேனரிக் குருவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குருவியும் அவரைப் பார்த்தது. இரண்டும் பேசிக்கொள்ளவில்லை.

வழக்கு இதுதான். அந்தக் கட்டடத்தின் மூன்றாம் படிக்கட்டுப் பிரிவைச் சேர்ந்த இருபத்தேழு வீடுகளுக்கும் ஒரே இன்டர்நெட் லைன். அது நான்காம் மாடியில் சில்வியு கோர்புவின் இந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்து, அங்கிருந்து ஜன்னல் வழியாகவும் சுவர் வழியாகவும் கம்பி கம்பியாக எல்லா வீட்டுக்கும் போகிறது. யாருக்கு எவ்வளவு வேகம் என்று பங்கு பிரித்துக் கொடுக்க அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் இருக்கிறது. மே பதினேழாம் தேதியிலிருந்து வார நாட்களில் மதியம் ஒன்றரை மணி தாண்டினால் எல்லா வீட்டிலும் நெட் படுத்துவிடுகிறது. கப்பல் கட்டும் தளத்தில் முதல் ஷிப்ட் முடித்து சில்வியு வந்து, இரண்டு மணி நேரம் போராடிய பிறகுதான் எழுந்து உட்காருகிறது.

"வேகம் எங்க போகுது? எதிர்த்தாப்புல இருக்கிற கேம் சென்டருக்கு மத்தியான நேரத்துல வித்துடறான்!" என்று கண்டுபிடித்தவர் எதிர் வீட்டு பெட்ரே பனாயித், படிக்கட்டின் நிர்வாகி. அவர் கண்டுபிடித்ததை இருபத்தாறு வீடும் நம்பிவிட்டது. இன்று வியாழன், மூன்றரை மணிக்குக் கீழே கூட்டம். கம்பிகளை அறுப்பதற்கு பனாயித் புதிதாக ஒரு கட்டிங் பிளேயர் வாங்கி, அதை எல்லோருக்கும் காட்டியும் ஆகிவிட்டது.

நேற்று சில்வியு ஆபீசுக்கு வந்து தொப்பியைக் கசக்கியபடி சொன்னது டீட்டிக்கு இன்னும் காதில் இருந்தது. "மேடம், என் பொண்டாட்டி லியானா இத்தாலியில, பதுவாவுல ஒரு வயசான அம்மாவைப் பாத்துக்கறா. ரெண்டு வருஷம் ஆச்சு. வியாழக்கிழமை மட்டும் மத்தியானம் லீவு. நாலரைக்கு கேமராவுல வருவா. மே மாசத்துலேர்ந்து கட்டம் கட்டமாத்தான் தெரியறா. மூக்கு எது, கண்ணு எதுன்னு நானே யூகம் பண்ணிக்கறேன். இப்ப அதையும் அறுத்துட்டா? நான் திருடன்னு பேர் வாங்கிட்டு அந்தப் படியில எப்படி ஏறுவேன்?"

ஆள் அழுதுவிடுவானோ என்று டீட்டிக்குப் பயமாக இருந்தது. அதனால்தான் அப்போது ஜோக் அடிக்கவில்லை.

இப்போது மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்து திரையைத் தட்டினான்.

"பாஸ், பாதி வழக்கு முடிஞ்சுது. மார்ச்ல புது லைன் வந்தப்ப சில்வியு எல்லாருக்கும் பங்கை ஏத்திக் குடுத்திருக்கான். 'அப்ளை' அமுக்கியிருக்கான். 'சேவ்' அமுக்கல. கம்ப்யூட்டர் ஓடற வரைக்கும் புதுக் கணக்கு. ஒரு தடவை அணைஞ்சு எழுந்தா போன குளிர்காலத்துப் பழைய கணக்கு. ஆளுக்கு ஒரு சொட்டு. மீதி வேகம் யாருக்கும் போகல, சும்மா கிடக்குது. காலி பஸ் ஓடற மாதிரி."

"எப்ப அணைஞ்சு எழுந்தது?"

"அதான் மீதிப் பாதி. மென்பொருளே டைரி எழுதுது. மே பதினேழுலேர்ந்து சனி, ஞாயிறு தவிர தினமும். ஒண்ணு இருபத்தெட்டு, ஒண்ணு நாப்பது, ஒண்ணு முப்பத்தொண்ணு... மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தூக்கம். 'சேவ்' அமுக்கிட்டு வீட்டுக்குப் போலாமா?"

"போலாம். மூன்றரை மணிக்கு பனாயித் கிட்ட 'பொத்தானை அமுக்க மறந்துட்டான்'னு சொல்லு. அவர் பிளேயரை உன் மூக்குல வெச்சுப் பாப்பாரு. அவங்களுக்கு பொத்தான் வேண்டாம், டீட்டி. ஆள் வேணும். இதை தினமும் அணைக்கிறது யாரு?"

"கரண்ட் கட்?"

டோம்னிகா சமையலறையைக் காட்டினார். மைக்ரோவேவ் அடுப்பின் கடிகாரம் பதினொன்று இருபது என்று ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் போய் வந்திருந்தால் அது பன்னிரண்டு மணி என்று கண் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

"அப்ப யாரோ வந்து கை வைக்கறாங்க," என்றான் டீட்டி. கம்ப்யூட்டரின் பக்கத் தகடு கழற்றி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்த ஒயர்கள் வெளியே தெரிந்தன. அதற்கு மேலே சுவரில் சில்வியு கொட்டை எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தான்: கவனம்! கரண்ட்! "இதைப் படிச்சும் தொடறான்னா தைரியசாலிதான்."

பால்கனி ஜன்னலும் சமையலறை ஜன்னலும் எதிரெதிரே திறந்திருந்தன. நடுவில் இருந்த கம்ப்யூட்டருக்கு நல்ல காற்று. பால்கனி ஜன்னல் மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு ஜெரேனியப் பூந்தொட்டி முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. டோம்னிகா குனிந்து பார்த்தார்.

"தொட்டி எத்தனை?"

"ஒண்ணு. கண்ணு செக் பண்றீங்களா?"

"அடியில கறை வட்டம் எத்தனை?"

டீட்டி குனிந்தான். இரண்டு. ஒன்று தொட்டிக்கு அடியில். இன்னொன்று ஒரு முழம் தள்ளி. யாரோ தொட்டியை நகர்த்துகிறார்கள், பிறகு பழைய இடத்திலேயே வைக்கிறார்கள்.

"டைரியில லீவு போட்ட நாள் ஏதாவது உண்டா? வார நாள்ல?"

விரலை வைத்து ஓட்டினான். "ஒண்ணே ஒண்ணு. ஜூன் இருபத்தொன்பது, செவ்வாய்."

"அன்னிக்கு வெயில் எப்படி?"

"தார் ரோட்டுல என் செருப்பு ஒட்டிக்கிச்சு, பாஸ். புனித பெட்ரே, பாவெல் நாள் வேற. அந்தப் பேர் வெச்சிருக்கற பாதி ஊருக்குப் பெயர் நாள் விருந்து. மீதிப் பேருக்கு மறுநாள் தலைவலி." சொல்லிக்கொண்டே வந்தவன் வாயைத் திறந்தபடி நின்றான். "பெட்ரே! பெட்ரே பனாயித்! அன்னிக்கு அவர் வீட்டுல விருந்து. வெளியே வர முடியாது. சாவி? சாவி அவர் சம்சாரம் கிட்ட இருக்குன்னு சில்வியு சொன்னானே. குருவிக்கு மதியம் தீனி போட வர்ற ஒலிம்பியா அத்தை! திருடனே போலீஸ் வேஷம் போட்டு, பிளேயரும் வாங்கிட்டானா?"

"நல்லா இருக்கு," என்றார் டோம்னிகா. அவர் 'நல்லா இருக்கு' என்றால் தப்பு என்று அர்த்தம்.

பன்னிரண்டே முக்காலுக்கு இருவரும் சமையலறை ஓரத்துச் சரக்கறைக்குள் நுழைந்து கதவை விரல் அளவுக்குத் திறந்து வைத்துக்கொண்டார்கள். உள்ளே ஊறுகாய் ஜாடிகள், வெங்காயக் கோர்வை, ஒரு சைக்கிள் சக்கரம். டீட்டியின் முழங்கால் ஒரு வெள்ளரிக்காய் ஜாடியோடு நெருங்கிப் பழகியது.

"பாஸ், பனாயித் நூறு கிலோ இருப்பார். பாஞ்சா யார் முன்னாடி நிக்கறது?"

"ஜாடி."

ஒரு மணிக்குப் பூட்டு திரும்பியது. உள்ளே வந்தது பனாயித் இல்லை. ஒலிம்பியா. கையில் அவித்த முட்டையின் மஞ்சள் கரு ஒரு கிண்ணத்தில். முப்பத்தேழு டிகிரி வெயிலில் தோளில் கம்பளிச் சால்வை. நேராகக் கம்ப்யூட்டரிடம் வந்தாள். டீட்டி மூச்சைப் பிடித்தான். அவள் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. சுவரில் இருந்த தாளைப் படித்தாள், மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டாள், ஓடிப் போய் தொட்டியை நகர்த்தி பால்கனி ஜன்னலைச் சாத்தினாள். பிறகு சமையலறை ஜன்னலையும் சாத்தினாள். அதற்குப் பிறகுதான் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

கூண்டுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்க ஆரம்பித்தாள்.

"பாடுடி செல்லம். ஒரு தடவையாவது பாடித் தொலையேண்டி. அவன் சந்தேகப்படறான்டி."

சரக்கறைக்குள் டோம்னிகாவின் புருவம் ஏறியது. டீட்டிக்கு ஏன் என்று புரியவில்லை. அவனுக்கு வியர்வை கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வீடு அடுப்பாகிவிட்டது. கம்ப்யூட்டரின் விசிறி முதலில் முனகியது, பிறகு அலறியது. ஒன்று முப்பத்து நான்குக்கு க்ளிக் என்று ஒரு சத்தம். திரை இருண்டது, மறுபடி வெளிச்சம் வந்தது. சூடு தாங்காத கம்ப்யூட்டர் செத்துப் பிழைத்துவிட்டது. இருபத்தேழு வீட்டுக்கும் குளிர்காலம் வந்துவிட்டது.

ஒலிம்பியா அதைக் கவனிக்கவே இல்லை.

"இவங்கதான் குத்தவாளி. ஆனா இவங்களுக்கே தெரியாது," என்று டோம்னிகா காதோடு சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார்.

ஒலிம்பியா போட்ட கூச்சலில் விதை கூரை வரை பறந்தது.

"பயப்படாதீங்க அத்தை," என்றான் டீட்டி. "ஊறுகாய் பதம் பாக்க வந்தோம். உப்பு கம்மி."

டோம்னிகா அடையாள அட்டையைக் காட்டினார். "ஒலிம்பியாம்மா, ஜன்னலை ஏன் சாத்தறீங்க?"

"ஏன் சாத்தறேனா? எழுத்து தெரியாதா உங்களுக்கு? அவனே எழுதி வச்சிருக்கானே, கரண்ட்னு!"

டீட்டி தலையில் கை வைத்துக்கொண்டான். அந்த ஊர் மொழியில் கம்பியில் ஓடும் மின்சாரத்துக்கும் கரண்ட் என்றுதான் பெயர், இரண்டு ஜன்னல் எதிரெதிரே திறந்திருந்தால் நடுவே பாயும் காற்றுக்கும் கரண்ட் என்றுதான் பெயர். முதல் கரண்டால் எப்போதாவது ஒருவர் சாகிறார். இரண்டாவது கரண்டால் பல்வலி, கழுத்துப் பிடிப்பு, காது மந்தம், வாய்க் கோணல் எல்லாம் தினமும் வருகிறது. டீட்டியின் சொந்த அம்மாவே பஸ்ஸில் இரண்டு ஜன்னல் திறந்திருந்தால் இறங்கி அடுத்த பஸ்ஸில் வருவாள். சில்வியு எழுதியது ஒயருக்கு. ஒலிம்பியா படித்தது காற்றுக்கு.

"சரி, சாத்தறீங்க. போகும்போது மறுபடி ஏன் திறந்து வைக்கறீங்க?"

ஒலிம்பியா சால்வை நுனியைத் திருகினாள்.

"நான் சொல்லட்டுமா?" டோம்னிகா நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். "இந்தக் குருவி பேரு மாஸ்ட்ரோ. ஆண். லியானாவோட குருவி. மே மாசத்துலேர்ந்து பாடறதில்ல, லியானாவை நினைச்சு ஏங்குதுன்னு சில்வியு சொல்றான். ரெண்டு வருஷம் ஏங்காம பாடினது, திடீர்னு மே மாசம் ஏங்க ஆரம்பிச்சுதா? கேனரியில பாடறது ஆண். நீங்க இப்ப இதை 'டி' போட்டுக் கூப்பிட்டீங்க."

ஒலிம்பியா உடைந்துவிட்டாள். மே மாதம் இரண்டாவது வாரம் இதே ஜன்னல்களைத் திறந்து போட்டுவிட்டுப் போனாளாம். மறுநாள் வந்து பார்த்தால் மாஸ்ட்ரோ கூண்டுக்கு அடியில் காலை நீட்டிக் கிடந்ததாம். "கரண்ட் அடிச்சிடுச்சு! நான்தான் கொன்னேன்! அந்தப் பொண்ணு 'அத்தை, என் குருவியைப் பாத்துக்கங்க'ன்னு என் கையைப் பிடிச்சுச் சொல்லிட்டுப் போனா." ஓடிப் போய் சந்தையில் அதே மஞ்சளில் ஒன்று வாங்கி வந்து வைத்தாள். விற்றவன் பெட்டையைத் தலையில் கட்டிவிட்டான். அந்த வாரக் கடைசியிலேயே சில்வியு சுவரில் தாள் ஒட்டினான். கவனம், கரண்ட். "எனக்கு உசிரே போச்சு. தெரிஞ்சு போய் குத்திக் காட்டறான்னு நினைச்சேன். தினமும் சாத்தறேன், பெட்ரே பெயர் நாள் விருந்தன்னிக்குத்தான் வர முடியல. ஆனா சாத்தினபடி விட்டுட்டுப் போனா 'ஏன் அத்தை, காத்துக்கு பயமா'ன்னு கேப்பானே? அதான் திறந்து வச்சுட்டுப் போறேன்."

"அத்தை, நீங்க நல்லா மறைச்சீங்க," என்றான் டீட்டி. "இருபத்தேழு வீட்டுக்கு நெட்டை நிறுத்தி மறைச்சீங்க."

"நானா?" அவளுக்கு அதை விளக்க ஐந்து நிமிடம் ஆனது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, பெட்ரே தினமும் நான் இந்தப் பக்கம் வந்ததும் நெட்டுல பகடை ஆட உக்காருவாரு. நான் இல்லாத ஒரு மணி நேரம்தான் அவருக்கு நிம்மதி. அது பாதியில போச்சேன்னுதான் பிளேயரே வாங்கினாரு."

டோம்னிகா சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டார். "ஒலிம்பியாம்மா, மூன்றரைக்கு நீங்களே சொல்லிடுங்க. ஜன்னலைச் சாத்தினதை மட்டும். குருவி விஷயம் நாங்க பேச மாட்டோம். அது உங்களுக்கும் லியானாவுக்கும் நடுவுல."

டீட்டி ஜன்னல்களைத் திறந்தான், புதுக் கணக்கை ஏற்றினான், 'சேவ்' பொத்தானை இரண்டு முறை அமுக்கினான். இரண்டாவது முறை சந்தோஷத்துக்காக. "இனிமே சினிமா கொட்டகை மாதிரி தெரியும் அத்தை. லியானா மூக்குல இருக்கற மச்சம் வரைக்கும்."

ஒலிம்பியாவின் முகம் வெளுத்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, அவ்வளவு வேணாம்ப்பா. அவ ஒவ்வொரு வாரமும் குருவியைக் காட்டச் சொல்லுவா. இது நாள் வரைக்கும் மஞ்சளா ஒரு கட்டம்தான் தெரிஞ்சுது. கொஞ்சம் மங்கலாவே இருக்கட்டும். உனக்குப் புண்ணியமாப் போகும்."

டீட்டி பாஸைப் பார்த்தான். பாஸ் குருவியைப் பார்த்தார்.

மூன்றரை மணிக் கூட்டத்தில் நடந்ததை டீட்டி பிற்பாடு பல பேரிடம் சொல்லியும் யாரும் நம்பவில்லை. பனாயித் பிளேயரைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். ஷிப்ட் முடிந்து அழுக்குச் சட்டையோடு வந்த சில்வியு சுவரோரம் தலைகுனிந்து நின்றான். டோம்னிகா கம்ப்யூட்டர் எழுதிய டைரியைப் படித்தார். ஒலிம்பியா எழுந்து, "ஜன்னலைச் சாத்தினது நான்தான், கரண்ட் அடிச்சுது," என்றாள்.

கூட்டம் மொத்தமாகத் திரும்பியது, சில்வியு பக்கம்.

"ரெண்டு ஜன்னலையும் எதிரெதிரா திறந்து போட்டுட்டா வேலைக்குப் போற?"

"குருவி இருக்கற வீட்டுலயா? உனக்கு மனசே இல்லையா?"

"எங்க மாமா இப்படித்தான் ஒரு காது போயிட்டாரு!"

பங்கு பிரிக்கும் மென்பொருள், திருட்டு, கேம் சென்டர் எதுவும் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒலிம்பியா செய்தது சரி என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. கம்ப்யூட்டரைச் சரக்கறைக்குள் வைத்து, தனி விசிறி போட்டுக் கதவைச் சாத்தவேண்டும் என்றும் முடிவாயிற்று. பனாயித் தன் மனைவியைப் பார்த்தார், பிளேயரைப் பார்த்தார், அதைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். "அப்ப நாளைக்கு ஒண்ணரைக்கு மேலயும் நெட் இருக்கும்ல?" என்று மட்டும் சில்வியுவிடம் மெதுவாகக் கேட்டார்.

நாலரைக்கு லியானா வந்தாள்.

திரையில் ஒரு முகம். கட்டம் இல்லை, கிழிசல் இல்லை. சில்வியு நாற்காலியில் உட்காரவே இல்லை. "தலைமுடியை வெட்டிட்டியா?" என்றான்.

"மே மாசமே வெட்டிட்டேன். நீ எதுவும் சொல்லலையேன்னு கோவமா இருந்தேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எங்க, மாஸ்ட்ரோவைக் காட்டு."

வாசற்படியில் நின்ற ஒலிம்பியாவின் கை சால்வைக்குள் போனது. டீட்டியின் விரல் மவுஸ் மேல் இருந்தது. ஒரு எண்ணைக் குறைத்தால் போதும், படம் மங்கிவிடும். அவனுக்கு அத்தையைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. டோம்னிகா லேசாகத் தலையாட்டினார், வேண்டாம் என்று. அவன் விரலை எடுத்துவிட்டான்.

சில்வியு கேமராவைக் கூண்டுப் பக்கம் திருப்பினான். லியானா வெகு நேரம் பார்த்தாள்.

"சில்வியு, இது மாஸ்ட்ரோ இல்ல."

"லியானா!" ஒலிம்பியா உள்ளே பாய்ந்துவிட்டாள். "நான்தான் கண்ணு! கரண்ட்ல போயிடுச்சு! நான்தான் ஜன்னலை..." மீதி அழுகையில் போயிற்று.

"ஒன்பது வயசுக் குருவிம்மா," என்றார் டோம்னிகா, இரண்டு பேருக்கும் சேர்த்து. "சில்வியு கல்யாணத்தப்ப வாங்கினதாச் சொன்னான். வயசாகித்தான் போயிருக்கும்."

திரையில் லியானா உதட்டைக் கடித்தாள். இத்தாலியில் யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அத்தை, அழாதீங்க. கல்யாணத்தப்ப வாங்கின மாஸ்ட்ரோ மூணு வருஷத்துக்கு முன்னாடியே செத்துப் போச்சு. பால்கனியைக் கழுவும்போது நான்தான் குளிர்ல மறந்து வெளிய விட்டுட்டேன். சில்வியு ஷிப்ட் முடிஞ்சு வர்றதுக்குள்ள சந்தைக்கு ஓடி வேற வாங்கி வச்சேன். அவன் கண்டுபிடிக்கவே இல்ல. நீங்க கொன்னது ரெண்டாவது மாஸ்ட்ரோ."

மூன்றாவது மாஸ்ட்ரோ முட்டைக் கருவைக் கொத்தியது.

"அப்போ," என்றான் சில்வியு மெதுவாக, "இந்தப் படிக்கட்டுல யாரையும் ஏமாத்தாத ஒரே ஆளு நான்தான். என்னைத்தான் திருடன்னாங்க."

லியானா சிரித்தாள், சிரிப்பு நடுவிலேயே நின்றது. "குருவியைப் பாத்தது போதும். கேமராவை உன் பக்கம் திருப்பு. உன் மூஞ்சியைப் பாத்து ரெண்டு மாசம் ஆச்சு."

டோம்னிகா டீட்டியின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினார். ஒலிம்பியா அவர்களுக்கு முன்பே போய்விட்டிருந்தாள்.

"பாஸ், ரிப்போர்ட்டுல குத்தவாளி யாருன்னு எழுதட்டும்?" படியில் கேட்டான் டீட்டி.

"கரண்ட்னு எழுது."

"எந்தக் கரண்ட்?"

"படிக்கறவங்க இஷ்டம்."

மூன்றாம் மாடி வந்ததும் டீட்டிக்கு ஒரு சந்தேகம். அத்தை பழக்க தோஷத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போயிருந்தால்? இரண்டிரண்டு படியாகத் திரும்ப ஏறி, கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான். ஜன்னல்கள் இரண்டும் திறந்துதான் இருந்தன. சில்வியு கேமராவுக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அழுக்குக் கையால் தலைமுடியைப் படிய வாரிக்கொண்டு, "தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.